ஒழுங்கைப் புகழ்ந்த ஐயாவுக்கு ஒரு கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஐயா ஒருவர் இக்காலத்துப் பெண் பிள்ளைகளைப் பற்றி மனம் நொந்து எழுதியிருந்தார். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை, முதியவர்கள் ஏறினால் நிமிர்ந்து பார்ப்பதில்லை, வீட்டில் ஒரு மூடி தேங்காய் துருவத் தெரிவதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். அதுவரை நானும் தலையாட்டிக்கொண்டுதான் படித்தேன். தேங்காய் விஷயத்தில் என் பேத்தியும் குற்றவாளிதான். கடைசிப் பத்திக்கு வந்தபோதுதான் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. ஹிட்லர் செய்த மற்றவை எப்படியிருந்தாலும், அவர் காலத்து ஜெர்மன் பெண் பிள்ளைகளிடம் இருந்த ஒழுங்கில் பாதியாவது நம் பிள்ளைகளுக்கு வேண்டுமாம். அவர்கள் தாமாகவே முன்வந்து சங்கத்தில் சேர்ந்தார்களாம். பெற்றோர் சொல் தட்டாமல் வளர்ந்தார்களாம்.

"மற்றவை எப்படியிருந்தாலும்." எவ்வளவு இலேசாக எழுதிவிட்டார்!

நம்மவர்கள் ஹிட்லர் பெயரைக் கையாளும் விதம் எனக்கு நெடுநாளாக உறுத்தல். கண்டிப்பான அப்பா என்றால் 'எங்கள் வீட்டு ஹிட்லர்'. நேரம் தவறாத மேலாளர் என்றால் 'ஆபீஸ் ஹிட்லர்'. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் எனக்கே அந்தப் பட்டம் இருந்தது, வாய்ப்பாடு ஒப்பிக்காதவர்களை மணியடித்த பிறகும் உட்காரவைப்பேன் என்பதற்காக. ஆறு மில்லியன் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் தலைவனுடைய பெயர், நம் வாயில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வந்து நிற்கிறது.

நான் வரலாற்று ஆசிரியை அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்துவிட்டவள் பேத்தி. உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்தில் நாஜி ஜெர்மனி வருகிறது. ஜூன் விடுமுறைக்கு அவர்களுக்குத் தந்த பயிற்சித்தாளில், நாஜி ஆட்சி ஜெர்மன் சிறுமிகளின் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று ஒரு கேள்வி. அவள் எழுதியிருந்த பதில் ஒரே வரி: மூளைச்சலவை செய்யப்பட்டார்கள்.

"எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்டேன்.

"சலவைதான் பாட்டி. அதற்கு மேல் என்ன எழுதுவது?"

சலவை என்றால் சோப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும், தண்ணீர் இருந்திருக்க வேண்டும், கசக்கிய கை ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஏன் திமிறவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவைக்கும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததே இல்லை. அந்தப் பழக்கதோஷத்தில் பேத்தியை அழைத்துக்கொண்டு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். நான்கு சனிக்கிழமைகள். அங்கே படித்ததில் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன், அதுவே நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் வேறெதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கீழே வரும் கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஐயா குறிப்பிட்ட அமைப்பின் பெயர் ஜெர்மன் சிறுமியர் சங்கம். 'பே.டே.எம்.' என்பது ஜெர்மனியரின் வழக்கிலிருந்த சுருக்கம். 1930ல் தொடங்கியது. 10 முதல் 14 வயது வரை 'யுங்மேடல்' என்ற இளைய பிரிவு, 14 முதல் 18 வரை மூத்த பிரிவு. அதையும் தாண்டியவர்களை விட்டுவிடக் கூடாதென்று 1938ல் 17 முதல் 21 வயது வரையிலான பெண்களுக்கு 'நம்பிக்கையும் அழகும்' என்று இன்னொன்று. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 20, அதாவது ஹிட்லரின் பிறந்தநாளை ஒட்டி, பத்து வயதுப் பிள்ளைகளை உறுதிமொழி சொல்லவைத்துச் சேர்ப்பார்கள். நாட்டிலுள்ள பத்து வயது மொத்தமும் தலைவருக்குப் பிறந்தநாள் பரிசு.

சேர்ந்தவுடன் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் நான் தேடித் தேடிப் படித்தேன். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. கழுத்தில் கட்டும் கறுப்புத் துணியும் அதைக் கோத்துப் பிடிக்கும் தோல் முடிச்சும் முதல் நாளே கிடைக்காது; அதற்கு ஒரு தேர்வு உண்டு. 60 மீட்டர் தூரத்தை 14 விநாடிக்குள் ஓட வேண்டும், பந்தை 12 மீட்டர் எறிய வேண்டும். தேறினால்தான் முடிச்சு. ஒரு துண்டுத் தோலுக்காகப் பத்து வயதுப் பிள்ளை எப்படி ஓடியிருப்பாள் என்பது, நட்சத்திர ஒட்டுப்படம் கொடுத்தே வகுப்பை நடத்திய எனக்கு நன்றாகவே விளங்கும்.

டாக்டர் மகளும் செருப்புத் தைப்பவர் மகளும் ஒரே சட்டையில் ஒரே வரிசையில் நின்றார்கள். புதன்கிழமை மாலைகளில் கூடிப் பாடினார்கள், கதை கேட்டார்கள், கைவேலை செய்தார்கள். வார இறுதியில் மலையேற்றம், காட்டில் தீ மூட்டிச் சமையல், வைக்கோல் பரப்பிய கொட்டகையில் உறக்கம். மாலை ஆறு மணிக்கு மேல் மகளைத் தெருமுனைக்குக்கூட அனுப்பாத குடும்பங்கள் அன்றைய ஜெர்மனியிலும் இருந்தன. அண்ணன் தம்பிக்கு மட்டுமே இருந்த காடும் மலையும் முதன்முதலாக அந்தப் பெண்களுக்கும் திறந்தன. போதாதற்கு, இளையரை இளையரே வழிநடத்த வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பெண், சங்கத்துக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தலைவி. 1934 முதல் 1936 வரை சனிக்கிழமைகளில் உறுப்பினர்களுக்குப் பள்ளி இல்லை. சேராத பிள்ளைகள் மட்டும் வகுப்பில் உட்கார்ந்து அரசின் கொள்கைப் பாடம் கேட்க வேண்டும். எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்?

பாட்டு ஒரு தனி விஷயம். ஜப்பானியர் சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் மாற்றி ஆண்ட காலத்தில் என் அம்மா இங்கே பள்ளிக்குப் போனவர். காலையில் கிழக்கே தோக்கியோ இருக்கும் திசையை நோக்கிக் குனிந்து வணங்கிவிட்டு, வானொலி இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போக வேண்டும். அப்போது மனப்பாடம் செய்த ஜப்பானியப் பாட்டு ஒன்றை எழுபது வயதிலும் வெங்காயம் உரிக்கும்போது முணுமுணுப்பார். என்ன பொருள் என்று கேட்டால் தெரியாது. மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு காய்ந்த கதையைச் சொல்லி அழுத அதே வாய்தான் அந்தப் பாட்டையும் பாடியது.

மெலிட்டா மாஷ்மன் என்றொரு பெண். 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் பதவியேற்ற இரவில், பெர்லினில் நடந்த தீப்பந்த ஊர்வலத்தைப் பெற்றோருடன் நின்று பார்த்தபோது அவருக்கு வயது 15. வசதியான, பழமையில் ஊறிய குடும்பம். வீட்டுக்குத் தெரியாமல்தான் சங்கத்தில் சேர்ந்தார். சிறுபிள்ளைத்தனமான குறுகிய வாழ்க்கையிலிருந்து தப்பி ஏதோ ஒரு பெரிய காரியத்தோடு தன்னை இணைத்துக்கொள்ள ஆசைப்பட்டதாகப் பின்னாளில், பள்ளிக்காலத்து யூதத் தோழிக்குக் கடிதம் எழுதுவதுபோல் அமைந்த தன் நினைவுகளில் எழுதினார். பெற்றோர் சொல் தட்டாத பிள்ளையாம்! வீட்டாரை ஏமாற்றிவிட்டுப் போனவர் அவர். ஸோஃபி ஷோலும் அப்படித்தான். நாஜிகளை எதிர்த்து உயிர்விட்ட மாணவி என்று உலகம் அறிந்த அதே ஸோஃபி, 1934ல் யுங்மேடலில் சேர்ந்து, பிறகு சிறு பிள்ளைகளுக்குத் தலைவியாகவும் இருந்தவர். அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. அந்த வயதில் அப்பா சொல் எடுபடவில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு என் அத்தைதான் கண்முன் நின்றார்.

அப்பாவின் அக்கா அவர். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதிலேயே அம்மாவோடு பால்வெட்டுக்குப் போனவர். 1943ல் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்து பெண்களுக்கென்றே ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்த கேப்டன் லட்சுமி அதற்குத் தலைமை ஏற்றார். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பலர் அத்தையைப் போன்ற தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அத்தைக்கு அப்போது வயது பதினாறு. சடையை வெட்டிக்கொண்டு காற்சட்டை மாட்டிக்கொண்டார்.

பர்மா எல்லைக்கு அவர் போகவில்லை. முகாமிலேயே போர் முடிந்துவிட்டது. திரும்பி வந்து, திருமணமாகி, ஆறு பிள்ளைகள் பெற்று, மற்றவர்களைப் போலவே வாழ்ந்தார். ஆனால் முகாமில் கழிந்த முதல் நாளை மட்டும் வயதான காலத்திலும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். "தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி தலையைத்தான் எண்ணுவான். இங்கே என் பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். வந்திருக்கிறேன் என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்." சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொல்வார்: "அதற்குப் பிறகு அவர்கள் எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்."

இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சீற வேண்டாம். அத்தை சேர்ந்தது அடிமைப்பட்ட நாட்டின் விடுதலைக்கான படை. சேராத பெண்ணின் அப்பாவைத் தண்டிக்க அங்கே சட்டம் இல்லை. ஜப்பானியர் ஆட்சியில், சயாம் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது வேறு கேள்வி. போஸ் 1942 மே மாதம் பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்தவர் என்பதும் வரலாறுதான். அதைப் பேசினால் நம் வீடுகளில் இன்றும் சண்டை வரும், இப்போது வேண்டாம். எனக்கு வேண்டியது அத்தையின் அந்தக் கடைசி வாக்கியம். இதுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யார் என்பது அந்தப் பெண்ணின் கையில் இல்லை. அத்தையை அழைத்தவர் லட்சுமி. பெர்லினிலும் மியூனிக்கிலும் அழைத்தவர்கள் வேறு.

இனி அந்தக் கணக்கு. 1935ல் ஜெர்மனியில் வெளியான ஒரு கணிதப் புத்தகத்தில் இது இருக்கிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு பைத்தியக்கார விடுதி கட்ட 6 மில்லியன் மார்க் செலவாகிறது. ஒரு குடியிருப்பு வீட்டுக்கு 15,000 மார்க். விடுதிக்கு ஆன பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்?

பூஜ்யங்களை அடித்துவிட்டு 6,000ஐ 15ஆல் வகுத்தால் போதும், 400 வீடுகள். என் தொடக்கநிலை ஐந்து மாணவர்கள் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார்கள்.

நூலகத்தில் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொற்கணக்கு தயாரிப்பது என் தொழிலாக இருந்தது. மூன்று பேருக்கு 24 ரம்புத்தான்களைச் சமமாகப் பங்கிடு என்று எழுதுவேன். ஏன் சமமாக, பசியோடிருக்கும் தம்பிக்கு ஏன் ஒன்று கூடுதலாகக் கொடுக்கக் கூடாது என்று கேட்ட மாணவர் என் பணிக்காலம் முழுவதிலும் ஒருவர்கூட இல்லை. கேட்டிருந்தால், கேள்வியை ஒழுங்காகப் படி என்று நானே அதட்டியிருப்பேன். கொடுக்கப்பட்டதை ஏற்றுக்கொள், கேட்டதைக் கண்டுபிடி என்றுதான் பிள்ளைகளைப் பழக்குகிறோம். 'கொடுக்கப்பட்டது' என்ற பகுதிக்குள் எதை வைத்தாலும் பிள்ளை விழுங்கிவிடும் என்று அந்தப் புத்தகம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நோயாளி வீண்செலவு என்பதை அந்தக் கணக்கு எங்கேயும் வாதாடவில்லை. வகுத்தல் சரியாக வந்ததும், அதுவும் சரியென்று மனத்தில் படிந்துவிடுகிறது. கூட்டம் போட்டு முழங்கினால் எதிர்த்துப் பேச ஓர் அப்பாவாவது இருந்திருப்பார். வீட்டுப்பாடத்தை யார் எதிர்ப்பார்கள்? "முடித்துவிட்டாயா?" என்றுதானே கேட்போம்.

1935ல் பத்து வயதில் அதைப் போட்ட சிறுமிக்கு 1940ல் பதினைந்து. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மனநோயாளிகளையும் உடற்குறையுள்ளவர்களையும் சாம்பல்நிற பஸ்களில் ஏற்றிக் கொண்டுபோய், ஆறு இடங்களில் நச்சுவாயு அறைகளில் சுமார் 70,000 பேரைக் கொன்றார்கள். பஸ் போனதை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். அந்தச் சிறுமி யாரையும் கொல்லவில்லை. அவளுக்கு விடை முன்பே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவையும் கொடுத்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போன பெண்ணைக் கடைசியில் சுற்றிக்கொண்டுவந்து, அவள் கிளம்பிய அதே அடுப்படியில்தான் இறக்கிவிட்டார்கள். 1934ல் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்பவர்களில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 1936 முதல் பெண்கள் நீதிபதியாகவும் வழக்கறிஞராகவும் வர முடியாது. பெண்கள் உயர்பள்ளியில் மனையியல் பிரிவை முடித்து வாங்கும் சான்றிதழை மக்களே 'புட்டிங் பட்டம்' என்று கேலி செய்தார்கள். திருமணக் கடன் என்று ஒரு திட்டம் 1933ல் வந்தது. ஆயிரம் மார்க் வரை கிடைக்கும். மனைவி வேலையை விட வேண்டும். பிள்ளை ஒன்று பிறந்தால் கடனில் கால் பங்கு தள்ளுபடி. நான்கு பிள்ளைகள், கடன் பூஜ்யம். இதுவும் எளிய கணக்குதான். 1938 டிசம்பரில் தாய்மார்களுக்குச் சிலுவைப் பதக்கம் அறிவித்தார்கள்: நான்கு பிள்ளைகளுக்கு வெண்கலம், ஆறுக்கு வெள்ளி, எட்டுக்குத் தங்கம். என் அத்தைக்கு வெள்ளி கிடைத்திருக்கும்!

கிடைத்திருக்காது. ஆரிய இனம் என்று நிரூபித்தவர்களுக்கு மட்டுந்தான் அது. 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு 1933 ஜூலையிலேயே வேறு சட்டம் போட்டுவிட்டார்கள். அதன்படி ஏறத்தாழ 400,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் பெண்கள். பதின்ம வயதுச் சிறுமிகளும் உண்டு.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சங்கத்தின் தலைவியாக இருந்த ட்ரூடே மோர் 1937ல் திருமணமானதும் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவருக்குப் பின் வந்த யுட்டா ரூடிகர் உளவியல் படித்தவர், 1945 வரை பொறுப்பில் இருந்தார், திருமணமே செய்துகொள்ளவில்லை. தாய்மைதான் உன் கடமை என்று நாட்டின் சிறுமிகளுக்கெல்லாம் போதித்த சங்கத்தை நடத்த, தாயாகாத ஒரு பெண்தான் தேவைப்பட்டார்.

ஐயாவின் இரண்டு வாதங்களுக்கும் வருகிறேன். தாமாகவே சேர்ந்தார்களா? தொடக்கத்தில் பலர் ஆசையோடு சேர்ந்தார்கள், மறுக்கவில்லை. அதே வேளையில் மற்றக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சாரணியர் குழுக்கள் கலைக்கப்பட்டன. புராட்டஸ்டன்ட் இளையர் அமைப்புகள் 1933 இறுதியிலேயே ஹிட்லர் இளையர் அமைப்புக்குள் கரைக்கப்பட்டன. கத்தோலிக்க அமைப்புகளை நெருக்கி நெருக்கிக் கடைசியில் தடைசெய்தார்கள். 1936 டிசம்பர் 1 அன்று, வீட்டுக்கும் பள்ளிக்கும் அப்பால் எல்லா இளையரையும் வளர்க்கும் பொறுப்பு ஹிட்லர் இளையர் அமைப்புக்கே என்று சட்டம் வந்தது. 1939 மார்ச்சில் 10 முதல் 18 வயது வரை கட்டாயம் ஆக்கினார்கள். பிள்ளையைப் பதிவு செய்யாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ உண்டு.

இந்த இடத்தில் பேத்தி குறுக்கிட்டாள். அவள் உயர்நிலை ஒன்றில் பள்ளிச் சீருடைக் குழு ஒன்றில் இருந்தவள். அணிவகுப்பு, முகாம், பட்டை, எல்லாம் உண்டு. "இது நாங்கள் செய்ததைப் போலத்தானே இருக்கிறது, பாட்டி?" என்றாள். மழுப்பாமல் ஆமாம் என்றுதான் சொன்னேன். வெளியிலிருந்து பார்த்தால் அப்படியேதான் இருந்திருக்கும். சென்ற ஆண்டு அவளுக்கு அது சலித்துவிட்டது, நாடகக் குழுவுக்கு மாற ஆசைப்பட்டாள். என் மகன் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டான். அடுத்த வாரம் அவள் மேடையில் மரமாக நின்றாள். ஜெர்மனியில் அப்படி ஒரு படிவம் இல்லை.

இரண்டாவது, பெற்றோர் சொல். மாலை வீட்டில் இரு என்று அம்மா சொன்னால், கூட்டத்துக்கு வா என்று சொன்ன பதினாறு வயதுத் தலைவியின் சொல்தான் நின்றது. அப்பா சாப்பாட்டு மேசையில் ஆட்சியைப் பற்றி வாய் திறக்கும் முன் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்ட வீடுகள் இருந்தன. ஐயா கேட்கும் ஒழுங்கு அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது. ஆனால் அது அப்பா அம்மாவுக்காக வளர்த்த ஒழுங்கு அல்ல.

நாஜி விளம்பரப் படங்களை ஐயா பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பின்னல் போட்ட, சிரித்த முகங்கள். அந்த வரிசையில் இல்லாத ஜெர்மன் சிறுமிகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1938 நவம்பர் 15 அன்று யூதப் பிள்ளைகள் அனைவரும் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1939 ஜனவரி முதல், அரசு வைத்திருந்த பட்டியலில் இல்லாத பெயர்கொண்ட ஒவ்வொரு யூதப் பெண்ணும் தன் பெயரோடு 'ஸாரா' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒருத்திக்குப் பெயர் சொல்லி அழைப்பு. அங்கே எல்லாருக்கும் ஒரே பெயர். ஆன் ஃபிராங்க் டச்சுக்காரி என்றே பேத்தி நினைத்திருந்தாள். பிராங்க்ஃபர்ட்டில் 1929ல் பிறந்த ஜெர்மன் சிறுமி அவள்.

அதன் பிறகு படித்த பக்கம் பேத்தியை மிகவும் பாதித்தது. முதல் உலகப் போருக்குப் பின் ரைன்லாந்தில் பிரெஞ்சுப் படையோடு வந்திருந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். 1937ல் அவர்களில் ஏறத்தாழ 400 பேரைப் பிடித்து இரகசியமாகக் கருத்தடை செய்தார்கள். அப்போது அவர்களும் பதின்ம வயதினர். பேத்தி தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. என் நிறம் அவளுக்கு.

பேச்சுக் கேட்காத ஜெர்மன் பெண்களுக்கும் இடம் வைத்திருந்தார்கள். 1942ல் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அருகில் உக்கர்மார்க் என்ற இடத்தில் சிறுமிகளுக்கென்றே ஒரு முகாம். வேலைக்கு ஒழுங்காகப் போகாதவள், அந்நியனோடு பழகியவள், அடங்காதவள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் அங்கே அடைபட்டார்கள்.

போர் வந்ததும் சங்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு முடிந்தது. மூலிகை பறித்தார்கள், உண்டியல் குலுக்கினார்கள், ரயில் நிலையங்களில் படைவீரர்களுக்குக் காப்பி ஊற்றினார்கள், கடைசியில் குண்டுவீச்சு விமானங்களைத் தேடும் விளக்குகளை இயக்கவும் நிறுத்தப்பட்டார்கள். இவற்றில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், வீட்டு வேலை தெரிந்த பிள்ளைகளை ஐயா விரும்புவதால். பிடிபட்ட போலந்துப் பகுதிகளில் அங்குள்ள குடும்பங்களை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு ஜெர்மன் குடியேறிகளைக் குடிவைத்தார்கள். புதியவர்கள் வருவதற்குள் வீட்டைக் கூட்டித் துடைத்துப் பளிச்சென்று வைக்க வேண்டும். அந்த வேலைக்கு இந்தப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். துரத்தப்பட்டவர்களின் அடுப்பையும் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவினார்கள். மெலிட்டாவும் அந்தப் பகுதியில் பணியாற்றியவர்தான். நன்றாகக் கூட்டியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

ஸோஃபி 1942ல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதற்குள் மனம் மாறியிருந்தது. ஒரே நாளில் மாறவில்லை, அண்ணன் கைது, கட்டாய உழைப்புச் சேவை, போர்முனையிலிருந்து வந்த செய்திகள் என்று ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. 1943 பிப்ரவரி 18 அன்று அண்ணன் ஹான்ஸோடு பல்கலைக்கழகத்தில் துண்டுப்பிரசுரம் வைக்கும்போது பிடிபட்டார். நான்காம் நாள் தலையை வெட்டிக் கொன்றார்கள். வயது 21. பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவர்தான் பிடித்துக் கொடுத்தார். அவரும் ஒழுங்கு தவறாதவர்.

பேத்தி பதிலைத் திருத்தி எழுதினாள். ஒன்றரைப் பக்கம். மூளைச்சலவை என்ற சொல் அதில் வரவே இல்லை. தோல் முடிச்சு வந்தது, 400 வீடுகள் வந்தன, என் அத்தையும் ஒரு வரியில் வந்தார். எட்டுக்கு ஐந்து மதிப்பெண். எடுத்துக்காட்டுகள் நன்று, கேட்டதற்கு மேல் எழுத வேண்டாம் என்று ஓரத்தில் குறிப்பு. எனக்குக் கோபம்தான், அவள் சிரித்துக்கொண்டாள்.

கடிதம் எழுதிய ஐயாவை எனக்குத் தெரியாது. என் வயதாகத்தான் இருக்க வேண்டும். தோ பாயோ பக்கம் வந்தால் எங்கள் புளோக்கின் கீழேயே காப்பிக்கடை இருக்கிறது. காலை எட்டு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன். விடுமுறை நாளானால் பேத்தியும் வருவாள். கைப்பேசியோடுதான் வருவாள். தேங்காய் துருவ இன்னும் பழகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தோ பாயோ.
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும்)